பொன்சிங்கக் குரங்கு: ஒரு சிறு சமுதாயத்தின் வாழ்வும் மீட்சியும்

விலங்குகளும் பறவைகளும் மனிதரைப் போலவே சமுதாயங்களாக வாழ்பவை என்னும் கருத்தைத் திருக்குர்ஆனின் ஆறாவது அத்தியாயமாகிய அல் அன்ஆமில் காண்கிறோம். அவ்விடத்தில் ‘உம்மத்’ என்னும் சொல் ஆளப்பட்டிருப்பது சிந்திக்கத்தக்கது. ஓரிடத்தில் பலர் திரண்டால் அதைக் கூட்டம் என்கிறோம். மூத்தோர் இளையோரைப் பேண, இளையோர் மூத்தோரிடம் கற்க, ஒருவர் சுமையை மற்றவர் தாங்கி வாழ்வதையே சமுதாயம் என்கிறோம். இந்தப் பொருளில் விலங்குகளுக்கும் சமுதாய வாழ்வு உண்டா என்று ஐயுறுவோருக்கு, பிரேசில் நாட்டு மழைக்காட்டில் வாழும் அரைக் கிலோ எடையுள்ள ஒரு சிறு குரங்கு விடை கூறுகிறது.

அந்நாட்டு மக்கள் பேசும் போர்த்துக்கீசிய மொழியில் அதன் பெயர் ‘மிக்கோ லியாவ் டோராடோ’ என்பதாகும். பொன்னிறச் சிங்கக் குரங்கு என்பது அதன் பொருள். நாம் அதனைப் பொன்சிங்கக் குரங்கு என வழங்குவோம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் சிங்கவால் குரங்கோடு இதனை மயங்கலாகாது. அது கரிய உடலும் பெரிய உருவமும் உடையது, இதற்கு உறவன்று.

தமிழ் மொழியில் குரங்கினத்துக்குப் பெயர்ப் பஞ்சம் இல்லை. தொல்காப்பிய மரபியல் குரங்கு, முசு, ஊகம் என மூன்றைச் சுட்டி, அவற்றின் பெண்ணுக்கு மந்தி என்னும் பெயரை உரியதாக்குகிறது. ஆண் குரங்கைக் கடுவன் என்று வழங்குவதும் அந்நூல் காட்டும் மரபே. நம் முன்னோர் கண்டறியாத தொலைநிலத்து உயிராயினும், இக்கட்டுரையில் அதன் ஆணைக் கடுவன் என்றும் பெண்ணை மந்தி என்றும் அழைப்பது பொருத்தமாகும்.

உருவமும் உறைவிடமும்

பொன்சிங்கக் குரங்கின் உடல் நீளம் ஒரு சாணுக்குச் சற்றே மிகும். வால் உடலைவிட நீளமானது. ஏறத்தாழ ஒன்றரைச் சாண் இருக்கும். உடல் முழுவதும் பட்டுப் போன்ற மயிர் போர்த்தியிருக்கிறது. அதன் நிறம் வெளிர்பொன் முதல் செம்பொன் வரை வேறுபடும். மயிரற்ற சிறு முகத்தைச் சுற்றிப் பிடரி மயிர் அடர்ந்து நிற்பதால் சிங்கத்தின் தோற்றம் அமைகிறது. 1766ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்.

குரங்குகளுக்கு நம்மைப் போலத் தட்டையான நகங்கள் உண்டு என்பதை அறிவோம். இக்குரங்குக்கோ கால் பெருவிரலில் மட்டுமே தட்டை நகம்; ஏனைய விரல்களில் அணிலுக்கு இருப்பது போன்ற கூரிய நகங்கள். அவற்றைக் கொண்டே இது பருத்த மரத்தில் பற்றி ஏறுகிறது. கைவிரல்கள் மெலிந்து நீண்டவை. மரப்பட்டையின் அடியிலும் இலையிடுக்குகளிலும் மறைந்திருக்கும் புழு பூச்சிகளைத் துழாவி எடுப்பதற்கு இவ்விரல்கள் உதவுகின்றன. ஒவ்வோர் உயிருக்கும் அதன் வாழ்வுக்கு ஏற்ற உறுப்பு அளிக்கப்பட்டிருப்பதற்கு இது ஒரு சான்று.

இதன் தாயகம் அமேசான் பெருங்காடு என்று பலர் கருதக்கூடும். உண்மை அதுவன்று. பிரேசிலின் கிழக்கே, அட்லாண்டிக் பெருங்கடலை ஒட்டி நீண்டு கிடந்த மற்றொரு மழைக்காடே இதன் தாயகம். அக்காட்டிலும் ரியோ டி ஜெனீரோ மாநிலத்தின் தாழ்நிலப் பகுதியில், பெரும்பாலும் சாவோ ஜோவோ ஆற்றுப் படுகையை ஒட்டியே இன்று இது வாழ்கிறது. உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. சிங்கக் குரங்குகளில் நான்கு இனங்கள் உண்டு. நான்கும் அட்லாண்டிக் காட்டுக்கே உரியவை.

ஒரு நாள் வாழ்க்கை

பொன்சிங்கக் குரங்கு பகலில் இயங்கி இரவில் உறங்குவது. மரப்பொந்துகளே இதன் பள்ளியறைகள். மாலை மயங்குமுன் குடும்பம் முழுவதும் ஒரே பொந்தில் நெருங்கிப் புகுந்துகொள்ளும். இரவில் வேட்டையாடும் விலங்குகளிடமிருந்தும் குளிரிலிருந்தும் பொந்து காக்கிறது. இத்தகைய பொந்துகள் முதிர்ந்த மரங்களிலேயே மிகுதியாக அமைகின்றன. எனவே முதிய மரம் ஒன்று வெட்டப்படும்போது ஒரு குடும்பம் தன் வீட்டை இழக்கிறது எனலாம்.

விடிந்ததும் குடும்பம் வெளியே வந்து உணவு தேடத் தொடங்கும். கனிகளே முதல் உணவு. கனி குறைந்த காலத்தில் பூந்தேன் கைகொடுக்கிறது. பின்னர்ப் பூச்சிகள், சிலந்திகள், நத்தைகள், சிறு தவளைகள், பல்லிகள் ஆகியவற்றைத் தேடும். மரக்கிளைகளில் ஒட்டி வளரும் அன்னாசி இனச் செடிகள் அக்காட்டில் மிகுதி. அவற்றின் இலைகள் கிண்ணம் போல் கூடி மழைநீரைத் தேக்கி வைக்கின்றன. அந்நீரையும் இலையிடுக்கையும் நாடிப் பல சிற்றுயிர்கள் வருகின்றன. அச்செடி ஒவ்வொன்றும் இக்குரங்குக்குக் காட்டில் விரித்து வைக்கப்பட்ட ஓர் உணவுத்தட்டு.

உண்ட கனிகளின் விதைகளை இது வேறிடத்தில் எச்சத்தோடு விடுகிறது. அவ்விதைகள் முளைத்து மரமாகின்றன. காடு குரங்கை ஊட்டுகிறது. குரங்கு காட்டை நடுகிறது.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனக்குரிய நிலப்பரப்பு உண்டு. அது சராசரியாக 40 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 100 ஏக்கர். அண்டைக் குடும்பம் எல்லைக்கு வரும்போது இரு தரப்பும் நீண்ட குரலெழுப்பித் தத்தம் உரிமையை அறிவிக்கும். அரைக் கிலோ எடையுள்ள உயிரின் குடும்பத்துக்கு 100 ஏக்கர் காடு தேவைப்படுகிறது என்பதைப் படிப்போர் நினைவில் இருத்த வேண்டும். பின்னர்க் கூறவிருக்கும் செய்திகளுக்கு இதுவே திறவுகோல்.

சுமை பகிரும் குடும்பம்

ஒரு குடும்பத்தில் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு உறுப்பினர்கள் இருப்பர். தாய், தந்தை, முந்தைய ஈற்றுக் குட்டிகள் ஆகியோர் அதில் அடங்குவர். பல மந்திகள் இருப்பினும் பொதுவாக ஒரு மந்தியே ஈனும். சூல் கொண்டு நான்கு மாதத்துக்குச் சற்று மேல் கழித்து இரட்டைக் குட்டிகளை ஈனுவது வழக்கம். ஒவ்வொரு குட்டியும் ஏறத்தாழ 60 கிராம் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் தாயின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. பால் கொடுத்துக்கொண்டே இச்சுமையையும் தாங்கி, மரத்துக்கு மரம் தாவி இரை தேடுவது தாய்க்கு இயலாத செயல்.

அதனால் குடும்பமே தாய்க்குத் துணை நிற்கிறது. முதல் சில வாரங்கள் தாய் குட்டிகளைச் சுமக்கிறாள். மூன்றாம் வாரம் அளவில் தந்தையாகிய கடுவன் அவற்றைத் தன் முதுகில் ஏற்றுக்கொள்கிறான். அதன்பின் பெரும்பொழுதும் குட்டிகள் தந்தையின் முதுகிலேயே இருக்கும். பாலருந்த மட்டும் தாயிடம் செல்லும். அண்ணன்மாரும் அக்காள்மாரும் முறைவைத்துச் சுமப்பர். குழந்தை வளர்ப்பு தாய்க்கு மட்டுமே உரியது என்று எண்ணுவோர் இக்கடுவனிடம் கற்பதற்கு ஒன்று உண்டு.

மூன்று மாத அளவில் குட்டிகள் பால் மறக்கின்றன. ஆயினும் அவற்றுக்குத் தாமாக இரை தேடத் தெரியாது. மூத்தவை தாம் பிடித்த இரையைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கென்றே உள்ள ஒரு தனிக் குரலால் குட்டிகளை அழைக்கின்றன. குட்டி ஓடிவந்து இரையை வாங்கி உண்ணும்.

ஆய்வாளர்கள் கவனித்த மற்றொரு செய்தி இன்னும் வியப்புக்குரியது. குட்டிகள் சற்று வளர்ந்தபின், மூத்த குரங்கு இரை மறைந்திருக்கும் இடத்தைக் கண்டும் அதைத் தான் எடுக்காமல், அதே குரலால் குட்டியை அழைக்கிறது. குட்டி வந்து அவ்விடத்தைத் துழாவித் தானே இரையை எடுக்கிறது. ஊட்டி வளர்த்த கை, காலம் வந்ததும் ஊட்டுவதை நிறுத்திக் கற்பிக்கத் தொடங்குகிறது. விடையைக் கூறாமல் விடை இருக்கும் பக்கத்தைக் காட்டும் நல்லாசிரியரின் செயலும் இத்தகையதே அன்றோ!

அழிவின் விளிம்பில்

1500ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் பிரேசில் கரையில் இறங்கியபோது அட்லாண்டிக் காடு கடற்கரை நெடுகப் பரந்திருந்தது. சாயத்துக்காகப் பிரேசில் மரம் வெட்டப்பட்டது. பின்னர்க் கரும்புக்காகவும் காப்பிக்காகவும் மாட்டு மேய்ச்சலுக்காகவும் காடு அழிக்கப்பட்டது. பெருநகரங்கள் எழுந்ததும் இந்நிலத்திலேதான். இன்று அக்காட்டில் எஞ்சியிருப்பது ஏறத்தாழ நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கே. அதுவும் சிதறிய துண்டுகளாக உள்ளது.

காடு சுருங்கியதோடு குரங்கின் அழகும் அதற்குப் பகையாயிற்று. பொன்னிற மயிருக்காகவே இதனைப் பிடித்து வளர்ப்பு விலங்காகவும் காட்சிப் பொருளாகவும் விற்றனர். 1960களில் பிரேசில் நாட்டு அறிஞர் அதெல்மார் கோயிம்பிரா ஃபில்ஹோ இவ்வினம் அழிந்துகொண்டிருப்பதை உலகுக்கு உரக்க எடுத்துரைத்தார். 1970களின் தொடக்கத்தில் காட்டில் இருநூறு அளவே எஞ்சியிருந்ததாக மதிப்பிடப்பட்டது. 1974இல் ரியோ டி ஜெனீரோ மாநிலத்தில் ‘போசோ தஸ் அந்தாஸ்’ என்னும் உயிரியல் காப்பகம் அமைந்தது. இத்தகைய காப்பகங்களுள் பிரேசிலின் முதலாவது இதுவே.

அதே வேளையில் பிற நாட்டு உயிரியல் பூங்காக்களில் இருந்த பொன்சிங்கக் குரங்குகளும் குறைந்துகொண்டு வந்தன. அவை ஈன்ற குட்டிகளில் பல பிழைக்கவில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் தேசிய உயிரியல் பூங்காவில் டெவ்ரா கிளைமன் என்னும் பெண் அறிஞர் இதன் காரணத்தை ஆராய்ந்தார். அதுவரை இவற்றைப் பல மந்திகள் உள்ள கூட்டமாக அடைத்து வைத்திருந்தனர். அது இவ்வினத்தின் இயல்புக்கு மாறானது. தாய், தந்தை, மக்கள் எனக் குடும்பமாக வைத்தால்தான் இவை தழைக்கும் என்று தெளிவாயிற்று. மற்றோர் உண்மையும் புலப்பட்டது. தம்பி தங்கையரைச் சுமந்து பழகாமல் இளமையிலேயே பிரிக்கப்பட்ட குரங்குகள், தாமே பெற்றோரானபோது குட்டிகளைப் பேணத் தெரியாமல் தவித்தன. தாய்மையும் தந்தைமையும்கூடப் பயின்று பெறவேண்டிய கல்விகளாக இவ்வினத்தில் அமைந்துள்ளன. இவ்வுண்மைகளை அறிந்து வளர்ப்பு முறையை மாற்றியதும் பூங்காக் குரங்குகளின் எண்ணிக்கை பெருகியது.

பிற்காலத்தில் இப்பூங்காக்கள் தம்மிடம் உள்ள குரங்குகளின் உரிமையைப் பிரேசில் அரசுக்கு ஒப்படைத்தன. உலகின் பல நாடுகளில் உள்ள பொன்சிங்கக் குரங்குகள் இன்று பிரேசிலின் உடைமைகளே. பூங்காக்கள் அவற்றை அமானிதமாக வைத்துப் பேணுகின்றன.

கூண்டு திறந்தும் கிட்டாத விடுதலை

1984இல் பூங்காவில் பிறந்த குரங்குகளைத் தாயகக் காட்டில் விடும் பணி தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஏறத்தாழ 150 குரங்குகள் இவ்வாறு விடப்பட்டன. இப்பணியில் பெஞ்சமின் பெக் முதலான அறிஞர்கள் ஈடுபட்டனர்.

கூண்டைத் திறந்தால் காட்டு விலங்கு காட்டுக்குள் ஓடி மகிழ்ந்து வாழும் என்றே நாம் எண்ணுவோம். நிகழ்ந்தது வேறு. அசையாத கட்டைகளில் ஏறிப் பழகிய குரங்குகளுக்கு, வளைந்தாடும் மெல்லிய கிளைகளில் நடக்கத் தெரியவில்லை. தட்டில் வைத்த உணவை உண்டு வளர்ந்தவற்றுக்கு, பட்டையின் அடியில் பூச்சி இருக்கும் என்பது தெரியவில்லை. மரத்துக்கு மரம் வழி தேர்ந்து செல்லவும் திரும்பிப் பொந்தை அடையவும் இயலவில்லை. பசியாலும் வழி தவறியும் பிற விலங்குகளுக்கு இரையாகியும் பல மடிந்தன. விடுவதற்கு முன் பயிற்சி அளித்துப் பார்த்தனர். இயற்கைக் கிளைகளைக் கட்டினர். உணவை ஒளித்து வைத்துத் தேடவிட்டனர். ஆயினும் முழுமையான பயன் கிட்டவில்லை. விட்ட பின்னரும் நெடுநாள் உணவு கொண்டு சென்று கொடுத்துக் காக்க வேண்டியிருந்தது.

இக்குரங்குகளின் உடலில் எக்குறையும் இல்லை. அவற்றின் பெற்றோருக்கே காடு தெரியாமையால் கற்பிக்க எவரும் இல்லாமற் போயிற்று. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த அறிவு ஒரே தலைமுறையில் அறுந்தது. அறுந்ததை மனிதரின் பொருளாலும் திறமையாலும் எளிதில் முடிச்சிட இயலவில்லை.

எனினும் இறைவனின் அருள் முற்றிலும் அடைபடவில்லை. உயிர் தப்பிய சில குரங்குகள் காட்டிலேயே குட்டி ஈன்றன. அக்குட்டிகள் பிறந்தநாள் முதல் வளையும் கிளைகளில் தாவின. காட்டின் உணவையும் வழிகளையும் இளமையிலேயே அறிந்தன. பெற்றோரைவிட அவை நன்கு பிழைத்தன. பூங்காவிலிருந்து வந்தவற்றின் வழித்தோன்றல்கள் பின்னாளில் காட்டுக் குரங்குகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காயின என்று கணக்கிட்டுள்ளனர்.

காட்டை இணைக்கும் பணி

ஒரு குடும்பத்துக்கு 100 ஏக்கர் வேண்டும் என்று முன்னர்க் கண்டோம். சிறு காட்டுத் துண்டில் இரண்டொரு குடும்பங்களே வாழ முடியும். இளைய குரங்குகள் துணை தேடி வெளியே செல்ல வேண்டுமானால் மேய்ச்சல் நிலத்தையோ நெடுஞ்சாலையையோ கடக்க வேண்டும். மரத்திலேயே வாழும் இவ்வுயிருக்குத் திறந்த வெளி, கடல் போன்றது. கடக்க இயலாமற் போனால் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகி நாளடைவில் நலிந்துவிடும்.

எனவே 1990களில் அழிய இருந்த சிறு துண்டுகளில் தனித்துக் கிடந்த ஆறு குடும்பங்களைப் பிடித்து, உனியாவோ என்னும் பெரிய காட்டில் விட்டனர். 1998இல் அக்காடும் காப்பகமாயிற்று. 1992இல் தோன்றிய பொன்சிங்கக் குரங்குச் சங்கம் அப்பகுதி மக்களையே பணியாளராகக் கொண்டு இப்பணிகளை நடத்தி வருகிறது. எஞ்சிய காட்டில் பெரும்பகுதி தனியார் பண்ணைகளுக்குள் இருந்தது. பண்ணையார் பலர் தம் நிலத்தில் குரங்குகளை விட இசைந்தனர். சிலர் தம் காட்டை என்றும் அழிப்பதில்லை என்று சட்டப்படி எழுதிக் கொடுத்தனர். காட்டுத் துண்டுகளுக்கு இடையே நாற்று நட்டு மரப்பாதைகள் அமைத்தனர். 2020இல் சில்வா ஜார்டிம் என்னும் ஊரையொட்டி நெடுஞ்சாலையின் குறுக்கே விலங்குகளுக்கென்றே ஒரு மேம்பாலம் கட்டி, அதன்மேல் மண் பரப்பி மரமும் நட்டனர்.

இம்முயற்சிகளின் பயனாக 2003இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இவ்வினத்தை ‘மிக அருகிய’ நிலையிலிருந்து ‘அருகிய’ நிலைக்கு மாற்றியது. 2002இல் வெளியான 20 ரியால் பணத்தாளில் பிரேசில் அரசு இக்குரங்கின் உருவத்தைப் பொறித்தது. ஒரு காலத்தில் விற்பனைப் பொருளாக இருந்த உயிர், நாட்டின் பெருமைச் சின்னமாயிற்று.

சோதனையும் மீட்சியும்

2014 அளவில் காட்டில் ஏறத்தாழ 3,700 குரங்குகள் இருந்தன. 2016இல் பிரேசிலில் மஞ்சள் காய்ச்சல் என்னும் கொள்ளைநோய் பரவத் தொடங்கியது. இது கொசுவால் பரவுவது. மனிதரையும் குரங்கையும் ஒருங்கே கொல்வது. 2018க்குள் பொன்சிங்கக் குரங்குகளில் மூன்றில் ஒரு பங்கு அளவு மறைந்து, ஏறத்தாழ 2,500 ஆகக் குறைந்தன. முப்பது ஆண்டு உழைப்பின் பெரும்பயன் இரண்டே ஆண்டில் கரைந்தது.

பணியாற்றியோர் தளரவில்லை. 2021 முதல் காட்டுக் குரங்குகளைப் பிடித்து, தடுப்பூசி இட்டு, மீண்டும் அதே இடத்தில் விடத் தொடங்கினர். 2023இல் எடுத்த கணக்கில் ஏறத்தாழ 4,800 குரங்குகள் இருப்பதாகத் தெரிந்தது. ஆனால் இவ்வினம் இன்னும் அருகியவற்றின் வரிசையிலிருந்து நீங்கவில்லை. 25,000 ஹெக்டேர் காட்டை ஒன்றோடொன்று இணைத்துக் காப்பதையே அறிஞர்கள் இலக்காகக் கொண்டனர். குரங்கின் தொகை பெருகிய விரைவில் காடு இணையவில்லை.

நமக்குரிய பாடம்

இவ்வரலாறு அறிவியல் மாணவருக்கு மட்டும் உரியது என்று கருதி ஒதுக்கிவிடலாகாது. ஓர் இனத்தைக் காப்பது என்றால் அதன் உடலைக் காப்பது மட்டுமே என்று முதலில் எண்ணினர். உடல் பிழைத்தது, வாழும் முறை பிழைக்கவில்லை. மூத்தோர் தம் அறிவை இளையோருக்குக் கைமாற்றும் தொடர் அறாதிருந்தால்தான் ஒரு சமுதாயம் சமுதாயமாக நிலைக்கும் என்பதைப் பெரும் இழப்புக்குப் பின்னரே உணர்ந்தனர். இது குரங்குக்கு மட்டும் பொருந்தும் உண்மையன்று. மொழியும் மார்க்கமும் தொழிலும் பண்பாடும் இவ்வாறே கைமாறி வருகின்றன. பாட்டனார் அறிந்த மரப்பெயர்களும் மீன்பெயர்களும் பேரனுக்குத் தெரியாமற் போகும் ஒவ்வொரு வீட்டிலும் இத்தொடரின் ஒரு கண்ணி அறுகிறது.

எனவே பெரியோர் தாம் அறிந்ததை இளையோருக்குப் பொறுமையோடு சொல்லித் தரவேண்டும். இளையோர் அதனைக் கேட்டறியும் பணிவைப் பெறவேண்டும். ஆசிரியர் ஊட்டும் காலத்தையும், ஊட்டாது இடம் காட்டி நிற்கும் காலத்தையும் பகுத்தறிய வேண்டும். பிற உயிர்களும் அவை வாழும் காடுகளும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். அவற்றைக் குறையாமல் அடுத்த தலைமுறையின் கையில் சேர்ப்பது நம் அனைவரின் கடமையாகும்.